லாக் கோப்புகளைச் சுழற்ற எது சரி: லாக்ரொடேட்டா, சொந்த ஸ்கிரிப்டா, ஜர்னலா?

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் இரவு ஒன்றரை மணிக்கு டேட்டாபேஸ் நின்றுவிட்டது. எழுத இடமில்லை. தேடியதில் ஒரு ஜாவா ஆப் தன் செயல்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பு மட்டும் 38 ஜிபி இருந்தது. பதற்றத்தில் யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன், ஆர்எம் போட்டு அழித்தேன். டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் டிஎஃப் போட்டுப் பார்த்தால் இன்னும் 100 சதவீதம். கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூ கணக்கில் அந்த 38 ஜிபி இல்லை, டிஎஃப் கணக்கில் இருக்கிறது. அரை மணி நேரம் கைகால் ஓடவில்லை.

காரணம் எளியது. யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. ஆர்எம் பெயரைத்தான் எடுக்கிறது. ஒரு பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயர் போனாலும் உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும், மேலும் வளரவும் செய்யும். பெயர் இல்லாமல் திறந்தே கிடக்கும் கோப்புகளை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டிக்கொடுக்கும். அன்று ஆப்பை ரீஸ்டார்ட் செய்த நொடியில் 38 ஜிபியும் திரும்பி வந்தது.

லாக் கோப்பைச் சுழற்ற, அதாவது பழையதை ஒதுக்கிப் புதியதில் எழுத வைத்து மிகப் பழையதை அழிக்க, எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. எந்தக் கருவி நல்லது என்று முதலில் கேட்காதீர்கள். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலிடம் "பழையதை மூடு, புதியதைத் திற" என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் ஒரு வழி, முடியாது என்றால் வேறு வழி. அப்புறம், சுழற்றுவதும் காப்பகத்தில் சேர்ப்பதும் இரண்டு தனி வேலைகள். ஒரே ஸ்கிரிப்டில் இரண்டையும் திணிக்கப் போய்த்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றிலிருந்து ஐந்து லினக்ஸ் சர்வர்கள், அதில் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற வெப் சர்வர், பின்னால் ஒரு ஆப், ஒரு டேட்டாபேஸ். இந்த அளவில் வேலை செய்யும் சின்ன குழுவை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

சொந்த ஸ்கிரிப்டும் கிரான்டேப்பும்

கிரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல், கிரான்டேப் அதன் பட்டியல். எல்லாரும் முதலில் இங்கேதான் தொடங்குகிறோம். கோப்பை வேறு பெயருக்கு மாற்று, நிரலுக்குச் சிக்னல் அனுப்பு, ஜிஜிப் கொண்டு சுருக்கு, முப்பது நாளுக்கு மேல் பழையதை ஃபைண்ட் கட்டளையால் தேடி அழி. பத்து வரிகூட ஆகாது. என்ன நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், வேண்டியபடி மாற்றலாம்.

சிக்கல் அந்தப் பத்து வரிக்குள்தான் இருக்கிறது. கிரான்டேப் வரியில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. பின்சாய்வுக் கோடு போட்டுக் காக்காவிட்டால், அந்த இடத்திலேயே கட்டளை முடிந்துவிட்டதாகக் கிரான் எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்க டேட் கட்டளையை நேரடியாகக் கிரான்டேப்பில் எழுதியவர்கள் எல்லாரும் இதில் ஒருமுறையாவது விழுந்திருப்பார்கள். டெர்மினலில் ஓட்டினால் சரியாக வரும், இரவில் கிரான் ஓட்டினால் வராது. தேதி வேலையை ஸ்கிரிப்ட் கோப்புக்குள் வைத்துவிட்டு, கிரான்டேப்பில் ஸ்கிரிப்டின் முழுப் பாதையை மட்டும் கொடுப்பதே நல்லது. கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலான பாத் கிரானில் சுருக்கமானது என்பதால் உள்ளே இருக்கும் கட்டளைகளுக்கும் முழுப் பாதை கொடுத்துவிடலாம்.

ஃபைண்ட் இன்னும் ஆபத்தானது. அதற்கு வரிசை முக்கியம். டெலிட் என்ற சொல்லை நிபந்தனைகளுக்கு முன்னால் எழுதிவிட்டால், எந்த நிபந்தனையையும் பார்க்காமல் அந்த அடைவில் உள்ள அத்தனையும் போய்விடும். கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும் எம்டைம் ப்ளஸ் 30 என்றால் 30 நாள் தாண்டியதும் அழிக்கும் என்று நினைக்கிறோம். ஃபைண்ட் முழு நாட்களை மட்டும் எண்ணி மிச்சத்தை விட்டுவிடுவதால் குறைந்தது 31 நாள் ஆன கோப்புதான் அதில் சிக்கும்.

மூன்றாவது சிக்கல் சத்தமில்லாதது. பெயர் மாற்றிய கையோடு ஜிஜிப் செய்தால், அந்தக் கோப்பில் நிரல் இன்னும் எழுதிக்கொண்டிருக்கலாம். ஜிஜிப் தான் படித்தவரைக்கும் சுருக்கிவிட்டு மூலக் கோப்பை நீக்கிவிடும். அதற்குப் பிறகு எழுதப்பட்ட வரிகள் பெயரில்லாத கோப்புக்குள் போய் மறைந்துவிடும். சுருக்கும்போது கோப்பின் அளவு மாறியது என்று ஜிஜிப் ஒரு எச்சரிக்கை தருவது உண்டு. இரவு ஓடும் வேலையின் எச்சரிக்கையை யார் படிப்பது?

ஆகவே சுழற்றுவதற்குச் சொந்த ஸ்கிரிப்ட் வேண்டாம் என்பது என் முடிவு. காப்பகத்துக்கு அனுப்பும் வேலைக்கு மட்டும் அது சரியானது, அதற்குக் கீழே வருகிறேன்.

லாக்ரொடேட்

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹாட்டில் 1990களில் எழுதப்பட்ட இந்த நிரல் இன்று கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் விநியோகங்களிலும் வருகிறது. நீங்கள் நிறுவாமலேயே உங்கள் சர்வரில் அது ஓடிக்கொண்டிருக்கக்கூடும். எட்சி அடைவுக்குள் லாக்ரொடேட்-டி என்ற உள் அடைவைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கென்று ஒரு சின்ன கோப்பை அதில் போட்டிருக்கும்.

என்ஜின்எக்ஸை வைத்துப் பார்த்தால் இதன் அழகு புரியும். முதலில், வருகைகளைப் பதியும் ஆக்சஸ் லாக்கின் பெயர் மாறுகிறது. என்ஜின்எக்ஸுக்கு இது தெரியாது, அது பெயர் மாறிய அதே கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அடுத்து, சுழற்றியபின் செய்ய வேண்டியதை எழுதும் போஸ்ட்ரொடேட் பகுதியில் யூஎஸ்ஆர்1 சிக்னல் போகிறது. அதைப் பெற்றதும் என்ஜின்எக்ஸ் லாக் கோப்புகளை மூடி, பழைய பெயரில் புதிதாகத் திறக்கிறது. இடைப்பட்ட நேரத்தின் வரிகள் பழைய கோப்பிலேயே இருக்கின்றன. ஒரு வரிகூடத் தொலையவில்லை, ரீஸ்டார்ட்டும் இல்லை. டிலேகம்ப்ரஸ் என்ற சொல்லைச் சேர்த்தால் நேற்றைய கோப்பை அடுத்த சுற்றில்தான் சுருக்கும். மேலே சொன்ன ஜிஜிப் சிக்கல் அதோடு தீர்ந்தது.

இதிலும் தெரிந்துகொள்ள வேண்டிய முரண்டுகள் உண்டு. பலரை ஏமாற்றுவது சைஸ் என்ற அளவு வரம்பு. 100 எம்பி ஆனதும் சுழற்று என்று எழுதிவிட்டால் அது காவல் காத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறோம். லாக்ரொடேட் பின்னணியில் ஓடும் நிரல் அல்ல. யாராவது எழுப்பினால் எழுந்து, பார்த்து, செய்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒருமுறை எழுப்பினால் 100 எம்பி என்ற எல்லையும் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் சோதிக்கப்படும். அதற்குள் 38 ஜிபி ஆகிவிடலாம். அளவை வைத்துச் சுழற்ற வேண்டுமென்றால் மணிக்கொருமுறை எழுப்பி, சைஸ் என்பதற்குப் பதில் மேக்ஸ்சைஸ் கொடுக்க வேண்டும். அப்போது தினசரிச் சுழற்சியும் நடக்கும், எல்லை தாண்டினால் முன்கூட்டியும் நடக்கும்.

யார் எழுப்புகிறார்கள் என்பதும் ஒரு தேர்வு. பழைய முறை கிரான். டெபியன் லினக்ஸில் தினசரி வேலைகள் காலை 6:25க்கு ஓடும். புதிய முறை, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர். டெபியன் 10 முதல் இதுதான் வழக்கம். கிரான்.டெய்லி அடைவில் லாக்ரொடேட் ஸ்கிரிப்ட் இன்னும் இருக்கும். ஆனால் சிஸ்டம்டி ஓடுகிறது என்று தெரிந்தால் எதுவும் செய்யாமல் வெளியேறிவிடும். கிரான் நேரத்தை மாற்றிவிட்டு "ஏன் மாறவில்லை" என்று குழம்புபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டில் எனக்கு டைமர்தான் பிடிக்கும். அந்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்தால் மறுபடி எழும்போது விட்டுப்போன ஓட்டத்தை ஓட்டிவிடும். தோற்றால் சிஸ்டம்சிடிஎல்லில் தோற்ற சேவைகளின் பட்டியலில் சிவப்பாக நிற்கும். கிரான் தோற்றால் நிர்வாகக் கணக்கான ரூட்டுக்கு ஒரு மெயில் போகும், மெயில் ஏற்பாடு இல்லாத சர்வரில் அதுவும் எங்கும் போகாது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். லாக் அடைவில் எழுதும் உரிமை ரூட் அல்லாத குழுவுக்கோ எல்லாருக்குமோ இருந்தால், பாதுகாப்பில்லை என்று சொல்லி லாக்ரொடேட் அந்தக் கோப்பைத் தாண்டிப் போய்விடும். எஸ்யூ என்ற வரியில் எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று சொன்னால் சரியாகிவிடும். கோப்புகளைக் குறிக்கும்போது வெறும் நட்சத்திரக் குறி போடாதீர்கள், நட்சத்திரம் புள்ளி லாக் என்று முடியுங்கள். வெறும் நட்சத்திரம் போட்டால் சுழற்றிய கோப்பையே மறுபடி சுழற்றி, சில வாரங்களில் ஒன்று புள்ளி ஒன்று புள்ளி ஒன்று என்று வால் நீண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் குவிந்துவிடும்.

மறுபடி திறக்கத் தெரியாத நிரல்களுக்கு

எந்தச் சிக்னலையும் மதிக்காத ஆப்புகள் இருக்கின்றன. அவற்றுக்காக லாக்ரொடேட்டில் காப்பிட்ரன்கேட் இருக்கிறது. கோப்பை நகல் எடுத்து, மூலத்தைச் சுழியாக்கும், அதாவது காலியாக்கும். பெயர் மாறாது, நிரலுக்கு எதுவும் தெரியாது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு இதுதான். நான் இதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

நகல் முடிவதற்கும் சுழியாக்குவதற்கும் இடையே வந்த வரிகள் தொலையும். இடைவெளி மிகச் சிறியதுதான், ஆனால் பணப் பரிவர்த்தனை லாக்கில் ஒரு வரிகூட முக்கியம். அதைவிட நடைமுறைச் சிக்கல் இடம். 20 ஜிபி கோப்பை நகல் எடுக்க இன்னொரு 20 ஜிபி காலியாக இருக்க வேண்டும். டிஸ்க் நிறையப் போகிற நேரத்தில் அது எங்கே இருக்கும்?

மூன்றாவதை ஒரு முறை பார்த்தால் மறக்காது. ஆப்பைத் தொடங்கும் வரியில் ஒற்றை அம்புக்குறி போட்டு லாக் கோப்புக்குத் திருப்பியிருந்தார்கள். காப்பிட்ரன்கேட் கோப்பைச் சுழியாக்கியது. ஆனால் நிரல் தான் விட்ட இடத்தை நினைவில் வைத்திருந்தது. அடுத்த வரியை 5 ஜிபி தாண்டிய அதே இடத்தில் எழுதியது. எல்எஸ் பார்த்தால் கோப்பு மறுபடி 5 ஜிபி, டியூ பார்த்தால் சில கிலோபைட். முன்பக்கம் முழுக்க வெறும் சுழிகள். சொல் தேடும் கிரெப் போட்டால் இது பைனரி கோப்பு என்கிறது. இரட்டை அம்புக்குறி போட்டிருந்தால் ஒவ்வொரு வரியும் கோப்பின் முடிவில் போய்ச் சேர்ந்திருக்கும், இந்தத் தொல்லையே வந்திருக்காது. காப்பிட்ரன்கேட் வைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் அந்த ஓர் எழுத்தைச் சரிபாருங்கள்.

நிரலே சுழற்றிக்கொள்ளட்டுமா?

அப்பாச்சியோடு ரொடேட்லாக்ஸ் என்ற துணை நிரல் வருகிறது. லாக் வரிகளை பைப் வழியே வாங்கி, நேரம் பார்த்துப் புதிய கோப்புக்கு மாறும். சிக்னல் வேண்டாம், கிரான் வேண்டாம். ஆனால் 86400 விநாடி என்று கொடுத்துவிட்டு நள்ளிரவில் மாறும் என்று இந்தியாவிலோ இலங்கையிலோ காத்திருந்தால், காலை 5:30க்குத்தான் மாறும். அது கணக்கிடுவது உலகப் பொது நேரமான யூடிசியில். உள்ளூர் நேரம் வேண்டுமென்றால் அதற்கான எல் என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும். "நேற்றைய லாக்" என்று ஆடிட்டர் கேட்கும்போது இரண்டு கோப்புகளைத் திறந்து காட்ட வேண்டிய நிலை இதனால்தான் வருகிறது.

ஜாவாவில் லாக்பேக், லாக்ஃபார்ஜே இரண்டும் சுழற்றவும் சுருக்கவும் நன்றாகச் செய்கின்றன. ஜாவா ஆப் என்றால் அதையே பயன்படுத்துங்கள். பைதானில் கவனம் வேண்டும். ஒரே கோப்பில் பல பிராசஸ்கள் எழுதுவதைப் பைதானின் லாக்கிங் ஆதரிப்பதில்லை. பைதான் வெப் ஆப்பை ஓட்டும் கன்னிகார்ன் நான்கு வொர்க்கர் பிராசஸ்களோடு ஓடும்போது, நள்ளிரவில் நான்கும் தனித்தனியாகச் சுழற்றப் பார்க்கும், ஒன்று உருவாக்கியதை இன்னொன்று அழித்துவிடலாம். அங்கே வாட்ச்டுஃபைல்ஹேண்ட்லர் என்ற கையாளி இருக்கிறது. தான் திறந்த கோப்பு மாறிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, மாறியிருந்தால் தானே மறுபடி திறந்துகொள்ளும். சுழற்றுவது லாக்ரொடேட், திறந்துகொள்வது ஆப். பைதானுக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது.

ஆப்பும் சுழற்றி, லாக்ரொடேட்டும் அதே கோப்பைச் சுழற்றும்படி மட்டும் விடாதீர்கள். ஒரு கோப்புக்கு ஒரு பொறுப்பாளர்தான் இருக்க வேண்டும்.

ஆப் டாக்கர் கன்டெய்னரில் ஓடுகிறது என்றால் கதை சின்னது. வழக்கமான ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு அளவு வரம்பே கிடையாது. மேக்ஸ்-சைஸ், மேக்ஸ்-ஃபைல் இரண்டையும் டேமன் அமைப்பில் கொடுத்துவிடுங்கள், அந்தக் கோப்புகளை வெளியிலிருந்து லாக்ரொடேட் கொண்டு தொடாதீர்கள்.

விண்டோஸில் ஐஐஎஸ் என்ற வெப் சர்வர் தினமும் புதிய கோப்பு தொடங்கிவிடும், ஆனால் பழையதை ஒருபோதும் அழிக்காது. டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் வைப்பதுதான் வழி. யாரும் லாகின் செய்திருக்காதபோதும் ஓட வேண்டும் என்ற தேர்வைப் போட மறக்காதீர்கள்.

ஜர்னல் போதுமா?

எல்லாவற்றையும் சிஸ்டம்டியின் சொந்த லாக் சேமிப்பான ஜர்னலுக்கே அனுப்பிவிட்டால் சுழற்சி என்ற கவலையே இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. எதுவும் சொல்லாவிட்டாலும் அது டிஸ்க்கில் 10 சதவீதத்துக்கு மேல் போகாது, அதிலும் 4 ஜிபி உச்சவரம்பு. ஒரு சேவையின் கடந்த ஒரு மணி நேர வரிகளைப் பார்க்க இதைவிட வசதி வேறில்லை.

ஆனால் வரம்பு எல்லாருக்கும் பொதுவானது. ஒரே ஒரு சேவை கத்த ஆரம்பித்தால், மற்ற சேவைகளின் பழைய வரிகள் அதற்காக வெளியே தள்ளப்படும். ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் உள்ள இடத்தில் இதை நம்ப முடியாது. அதிகம் வந்தால் குறிப்பிட்ட அளவுக்குமேல் வரிகளைக் கைவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. வார் லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு இல்லாவிட்டால், நீண்ட காலம் வழக்கமாக இருந்த ஆட்டோ அமைப்பில் எல்லாம் நினைவகத்திலேயே இருந்து ரீபூட்டில் போய்விடும். அன்றாடப் பிழை தேட ஜர்னல், சாட்சியாக வைத்திருக்கக் கோப்பு என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

காப்பகம்

எத்தனை நாள் வைத்திருப்பது என்பது சில இடங்களில் நம் விருப்பம் அல்ல. இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022 அன்று வெளியிட்ட உத்தரவின்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும். கார்டு பணம் கையாளும் இடங்களில் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரநிலை 12 மாதம் கேட்கிறது, அதில் 3 மாதம் உடனே பார்க்கும்படி இருக்க வேண்டும்.

பயப்பட வேண்டாம், கணக்குப் போட்டால் சின்னதுதான். தினமும் 2 ஜிபி ஆக்சஸ் லாக் என்று வையுங்கள். ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவது சாதாரணம். நாளுக்கு 200 எம்பி, 180 நாளுக்கு 36 ஜிபி. எதைக் கொண்டு சுருக்குவது? ஜிஜிப் எங்கும் திறக்கும், இசட்கிரெப் வைத்து விரிக்காமலேயே தேடலாம். எக்ஸ்இசட் இன்னும் சிறிதாக்கும், ஆனால் பிராசஸரை நீண்ட நேரம் பிடித்துக்கொள்ளும். பேஸ்புக் 2016இல் வெளியிட்ட இசட்ஸ்டாண்டர்ட், ஜிஜிப்பைவிட வேகமாகவும் கொஞ்சம் சிறிதாகவும் சுருக்குகிறது. புதிதாக அமைப்பவர் அதையே எடுக்கலாம். வெளியாட்களுக்குக் கோப்பு கொடுக்க வேண்டியிருக்கும் இடத்தில் நான் ஜிஜிப்பை விடவில்லை.

அதே சர்வரில் வைத்திருப்பதைக் காப்பகம் என்று சொல்ல மாட்டேன். சர்வருக்குள் புகுந்தவன் முதலில் அழிப்பது லாக்கைத்தான். லாக்கை இன்னொரு இடத்துக்குத் தள்ளுவதைவிட, காப்பக சர்வர் வந்து, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் இழுத்துக்கொள்வது பாதுகாப்பு. வெப் சர்வரில் ரூட் கிடைத்தவனுக்கும் காப்பகத்தின் சாவி கிடைக்காது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லாக்ரொடேட் வழக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடும். இன்று இரண்டாக இருப்பது நாளை மூன்றாகும். ஆர்சிங்க் பெயரை வைத்துத்தான் பார்க்கும் என்பதால் தினமும் எல்லாக் கோப்பும் மாறியதாகத் தெரியும். மொத்தத்தையும் மறுபடி இழுக்கும், காப்பகத்தில் இருப்பதை மேலெழுதும். டேட்எக்ஸ்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் கோப்புப் பெயரில் தேதி வரும், சுருக்கும்போது சேரும் வாலைத் தவிரப் பெயர் பிறகு மாறாது. ஒரே நாளில் பலமுறை சுழற்றுபவர்கள் தேதியோடு மணியையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று இரண்டாவது சுழற்சி நின்றுவிடும்.

இந்த இழுக்கும் வேலைக்குத்தான் சொந்த ஸ்கிரிப்ட். இழு, ஜிஜிப் சோதனை ஓட்டு, இரண்டு பக்கமும் கோப்பு ஒன்றுதானா என்று செக்சம் ஒப்பிடு. அழிக்கும் வேலையை அதில் சேர்க்காதீர்கள், மூலத்தில் அழிப்பதை லாக்ரொடேட்டின் எண்ணிக்கை வரம்பு பார்த்துக்கொள்ளும். சர்வரில் 14 நாள் இருக்கும்படி வைத்தால், காப்பகம் ஒரு வாரம் தோற்றாலும் எதுவும் போகாது. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைப் போடுங்கள். அமேசானின் எஸ்3 மாதிரி இணையச் சேமிப்புக்கு அனுப்புபவர்கள், அதன் கிளேசியர் வகைகளில் குறைந்தபட்சம் 90 அல்லது 180 நாள் கட்டணம் உண்டு என்பதைப் பார்த்துவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது நான் புதிய சர்வர் எடுத்தால் செய்வது இது: என்ஜின்எக்ஸுக்கும் பைதானுக்கும் லாக்ரொடேட், தினசரி, மேக்ஸ்சைஸோடு, மணிக்கொரு டைமர். ஜாவாவுக்கு லாக்பேக். அன்றாடத்துக்கு ஜர்னல். இரவு மூன்று மணிக்குக் காப்பக சர்வரிலிருந்து ஆர்சிங்க். எல்லாம் எழுதியதும் லாக்ரொடேட்டை டி தேர்வோடு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன், அது எதையும் தொடாமல் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். அது போதாது. அடுத்து எஃப் தேர்வோடு கட்டாயமாகச் சுழற்றிவிட்டு, ப்ராக் அடைவில் அந்த பிராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எஃப்டி பட்டியலைத் திறப்பேன். லாக் கோப்பு புதிய பெயரில் திறந்திருக்கிறதா, தேதி போட்ட பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறதா, அல்லது பெயருக்குப் பக்கத்தில் "டெலிட்டட்" என்று நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்த சர்வரை விட்டு எழுவேன்.